கரும்பச்சைத் திட்டு

வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், கடற்புல் படுகைகளைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடமாக்கும் பணிக்காக மண்டபம் என்னும் ஊரில் தங்கியிருந்தேன். மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்குப் புல்தான் முதன்மை உணவு. 2022-இல் தமிழக அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டியது. அதற்குத் தெற்கே, இராமநாதபுரம் கரையில் எங்கெல்லாம் மேய்ச்சல் இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

நாங்கள் பயன்படுத்திய ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தின் ஒவ்வொரு கட்டமும் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தரையில் பயிரையும் காட்டையும் எளிதில் காட்டிக்கொடுக்கும் அகச்சிவப்பு ஒளியைக் கடல்நீர் மேலேயே உறிஞ்சிவிடுவதால், அடித்தளத்தைத் தொட்டுத் திரும்பும் நீலத்தையும் பச்சையையும் கொண்டுதான் எதையும் பிரித்தறிய வேண்டும். வாடைக்காலத்தில் கலங்கல் அதையும் மறைத்துவிடும். கடல் தெளிந்திருந்த ஒரு நாளின் படத்தில், முனைக்காட்டுக்கு அருகே நீண்டு கிடந்த கரும்பச்சைத் திட்டைப் புல் என்று குறித்து, பரப்பையும் கணக்கிட்டுவிட்டேன்.

சரிபார்க்க வள்ளத்தில் போனபோது, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுத்துவரும் அக்கா ஒருவரையும் அழைத்துச் சென்றோம். திட்டு இருக்கும் இடத்தைக் காட்டியதும், "அது புல்லு இல்ல தம்பி, கட்டக்கோரை. கீழ கல்லுப்பாரு கிடக்கு. புல்லுன்னா காலு சேத்துல புதையும்" என்றார். மூழ்கிப் பார்த்தேன், பவளப்பாரின் மேல் கட்டக்கோரை என்னும் பழுப்புக் கடற்பாசி அடர்ந்திருந்தது.

அந்தப் பிழை என்னை நெடுநாள் உறுத்தியது. கோரையைப் புல்லென்று எண்ணினால், இல்லாத மேய்ச்சலைக் கணக்கில் சேர்த்துவிட்டு, இழுவை மடியால் (அடித்தளத்தை வாரிச்செல்லும் வலையால்) உண்மையான படுகை கிழிபடும்போது பரப்பு குறையவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். அதன்பின் ஒரே படத்தை நம்புவதை விட்டேன். கோரை பருவத்தில் தழைத்து, பிறகு அறுந்து மிதந்துபோகும்; வேரூன்றிய புல் பெரும்பாலும் இடம் மாறாது. பல மாதப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது சில திட்டுகள் வெளிறின, சில அப்படியே நின்றன. அந்த வேறுபாட்டையும் அக்கா சொல்லித்தான் தேடினேன். களக்குறிப்பில் அவர் சொன்னவற்றைத் தனித் தரவாகவே பதிந்தேன்.

இப்போதைய வரைபடத்தில் புல்லுக்கு ஒரு நிறம், பார்மேல் கோரைக்கு வேறொரு நிறம். அவர் கால் படாத, நாங்களும் மூழ்கிப் பார்க்காத பகுதிகளை நிறமிடாமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறேன்.