டெலிரியம் தெளிந்த வாரத்தில் எடுத்த முடிவு

"சார், முதியோர் மனநலத்துக்கே போயிடலாம்னு இருக்கேன்."

மனநலத் துறையில் எம்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மாணவி இதைச் சொன்னது, ஆர்த்தோ வார்டு ரெஃபரல் ஒன்று நன்றாக முடிந்த கையோடு. "நல்லதும்மா. லக்னோ கே.ஜி.எம்.யூ.வில டி.எம். இருக்கு, நிம்ஹான்ஸ்லயும் இருக்கு. மூணு வருஷம்" என்று எம்.டி.க்கு மேலான சிறப்புப் படிப்பைப் பற்றி நானும் உடனே பதில் சொல்லியாயிற்று. சொன்னதில் பிழையில்லை. ஆனால் எதைப் பார்த்துவிட்டு மாணவி அப்படிச் சொன்னார் என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.

78 வயது அம்மா, இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். பேச்சில்லை, சாப்பாடில்லை. கூப்பிட்டால் கண் திறந்து, மறுபடி மூடிக்கொள்கிறார். ரெஃபரல் சீட்டில் "டிப்ரஷன்?" என்றிருந்தது. டெலிரியம் என்பது உடல் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம்; சத்தமில்லாமல் படுத்திருக்கும் டெலிரியத்துக்கு வார்டுகளில் வழக்கமாகக் கிடைக்கும் பெயர் அது. கதீட்டரைப் பிடுங்கி எறிகிறவருக்காக நடு ராத்திரியில் போன் வரும். அமைதியாகக் குழம்பிக் கிடப்பவருக்காக வராது.

எப்போதிலிருந்து இப்படி என்று மருமகளிடம் கேட்டதில்தான் கேஸ் திரும்பியது. "ஆபரேஷனுக்கு முந்தின நாள்கூட நர்ஸம்மாகிட்ட வம்படிச்சிட்டிருந்தாங்க டாக்டர். இப்பவும் மத்தியானம் கொஞ்சம் தெளிவா இருக்காங்க, பொழுது சாஞ்சா யாரையும் தெரியல." மனச்சோர்வு ஒரே இரவில் வந்து இறங்குவதில்லை, ஒரே நாளுக்குள் ஆளைத் தெரிந்தும் தெரியாமலும் ஆக்குவதுமில்லை. அடுத்து கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார் மாணவி. 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லாதது நல்லது. பள்ளிக்கூடம் போகாதவரிடம் அது கவனத்தையா சோதிக்கும், கணக்கையல்லவா சோதிக்கும்! சனி, வெள்ளி வரை வந்து பாட்டி நின்றுவிட்டார்.

பிறகு மருந்துச் சீட்டு. தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், வலிக்கு டிரமடால், பழைய பிரஷர் மாத்திரையில் ஒரு தயசைடு (நீர் பிரிக்கும் மருந்து). ரத்தத்தில் சோடியம் 124, மிகக் குறைவு. அடிவயிற்றைத் தட்டிப் பார்த்தால் மூத்திரம் தேங்கியிருக்கிறது; மலம் போய் நாளாகிறது. டிப்ரஷன் என்று நம்பி அதற்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரையைத் தொடங்கியிருந்தால் சோடியம் இன்னும் இறங்கியிருக்கும்.

அமிட்ரிப்டிலினும் தயசைடும் நின்றன. டிரமடாலுக்குப் பதில் பாரசிட்டமால் வேளை தவறாமல் போனது. மூத்திரத்தை வடித்துவிட்டு கதீட்டரைச் சீக்கிரமே எடுத்தாயிற்று, எனிமா கொடுத்தாயிற்று. சோடியத்தை அவசரமாக ஏற்றக் கூடாது. 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்குள் நிறுத்த வேண்டும், மீறினால் மூளைத்தண்டில் நரம்புறை அழியலாம். மூக்குக்கண்ணாடி பையிலிருந்து முகத்துக்கு வந்தது. திமிறலை அடக்கும் ஹாலோபெரிடால் தேவைப்படவில்லை, தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் அளவுக்குத் திமிறினால் மட்டுமே 0.25 அல்லது 0.5 மி.கி. தரலாம். லோரசெபாம் என்ற தூக்க மருந்து குடிப்பழக்கத்தை நிறுத்தியதால் வந்த டெலிரியத்துக்கு உதவும், இங்கே குழப்பத்தைக் கூட்டும். சில நாட்களில் பாட்டி மருமகளைப் பெயர் சொல்லித் திட்டினார்.

ஸ்டெதஸ்கோப்பை மூட்டைகட்டி வைத்துவிட்டு மனநலத்துக்கு வந்த பி.ஜி. (மேற்படிப்பு) மாணவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மருத்துவமும் மனமும் குடும்பமும் ஒரே கட்டிலில் கிடக்கின்றன. முடிச்சு அவிழ்வதைக் கண்ணால் பார்க்கலாம். நேர்முகத்தில் எல்லோரும் "பாட்டி வளர்த்த பிள்ளை நான்" என்பார்கள். அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இழுத்து வருவது பெரும்பாலும் இப்படி ஒரு கேஸும், பக்கத்தில் அவசரமில்லாமல் நின்று சொல்லிக்கொடுத்த ஒருவரும்தான்.

ஆனால் இந்தத் துறையின் அன்றாடம் அதுவல்ல. முதியோரின் மறதிநோயை ஆராய்ந்த லாசி-டாட் ஆய்வு இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா (மறதிநோய்) இருப்பதாகக் கணித்தது. மெமரி கிளினிக்கில் நடப்பது வேறு. நாடித்துடிப்பும் ஈசிஜியும் பார்த்து மறதிநோய் மருந்தான டோனெபெசில் 5 மி.கி., பேதியோ பசியின்மையோ இல்லையென்றால் நாலாறு வாரம் கழித்து 10. "பழையபடி ஆயிடுவாங்களா?" என்ற மகளுக்கு, ஆகமாட்டார் என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்ற தடுமாற்றம். ஒருவருக்கே முக்கால் மணி நேரம் போகும். தனியார் மருத்துவமனை முதலாளிக்குப் பிடிக்காத கணக்கு இது.

டெலிரியத்தைக் காட்டி ஆள் பிடிப்பது நியாயமா? நியாயம்தான் என்று சில நாள் தோன்றுகிறது. குடல் அழுகிவிட்டது என்று நம்பி சோற்றைத் தொடாமல் கிடந்த முதியவர் இ.சி.டி.க்கு (மின் அதிர்ச்சி சிகிச்சை) பிறகு எழுந்து சாப்பிடுவதும் இதே துறையில்தான். டிமென்ஷியாவிலும் அவிழ்க்க முடிச்சுகள் உண்டு: ராத்திரி முழுக்கக் கத்துகிறார் என்று கொண்டுவந்தவருக்குச் சொத்தைப் பல், பல்லைக் கவனித்ததும் கத்தல் அடங்கியது, மனைவி தூங்கினார். ஆனால் அதைக் குணம் என்று கணக்கில் சேர்க்க ஒரு பி.ஜி.க்குச் சில ஆண்டுகளாவது ஆகும். அதுவரை தாங்குவாரா என்பதைத்தான் அன்று கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. கேட்டிருந்தால் வந்த ஒருவரும் போயிருக்கலாம். போஸ்டிங்கோ சில வாரங்கள். அதற்குள் எதை முதலில் காட்டுவது?

மாணவி டி.எம். நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். மெமரி கிளினிக்கில் உட்கார அவருக்கு இன்னும் முறை வரவில்லை.