தராசுக்குப் பக்கத்தில் ஒரு இன்ச் டேப்

எங்கள் வீட்டில் முறுக்குச் சுடுவது அத்தை. பெட்டி கட்டி அனுப்புவது நான். மணப்பாறையில் இது அதிசயமான தொழில் இல்லை. ரயில் நின்றால் ஜன்னலுக்கே முறுக்கு வரும் ஊர். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எங்களுக்கு வரும் ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை பெட்டியை டேப் போட்டு ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பெறுநர், அனுப்புநர் எழுதி, வண்டியில் கொண்டுபோய் கூரியர் கடையில் வரிசையில் நிற்பேன். ஒரே நாளில் நாற்பது பெட்டி சேர்ந்தபோதுதான் இது ஆகாது என்று தெரிந்தது. நாலைந்து கூரியர்களின் கட்டணத்தை ஒரே திரையில் காட்டி, லேபிளும் போட்டுக்கொடுத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பும் மென்பொருள் ஒன்றில் கணக்குத் தொடங்கினேன். பான், ஜிஎஸ்டி எண், வங்கி விவரம், வாலட்டில் கொஞ்சம் பணம். அரை நாளில் முடிந்தது.

வம்பு எக்செல்லில் தொடங்கியது. நாற்பது ஆர்டரையும் ஒரே கோப்பாக ஏற்றலாம் என்றார்கள். போன் எண்களை 91 சேர்த்து அடித்திருந்தேன். பன்னிரண்டு இலக்கம் வந்ததும் எக்செல் அதைப் பெரிய எண்ணாக நினைத்துக்கொண்டு 9.19E+11 என்பதுபோலச் சுருக்கிக் காட்டியது. அப்படியே, ஏற்றுவதற்கான சிஎஸ்வி கோப்பாகச் சேமித்துவிட்டேன். நாற்பது பேரின் எண்ணிலும் கடைசி இலக்கங்கள் போயே போய்விட்டன! அந்த நெடுவரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு எண்களை அடித்தால் இந்தத் தொல்லை வராது.

அடுத்தது பின்கோடு. ஆறு இலக்கம் அடித்தால் மாவட்டத்தை மென்பொருளே நிரப்பும். ஒரு கோவைக்காரரின் ஆர்டரில் மட்டும் திருவாரூர் என்று வந்து நின்றது. மென்பொருள்தான் உளறுகிறது என்று மாவட்டத்தை நான் கையால் திருத்தப் போனேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து அவருடைய செய்தியைப் பார்த்தால், 641001க்குப் பதிலாக 614001 என்று எழுதியிருக்கிறார். அது மன்னார்குடி. இரண்டு எண் இடம் மாறியதில் அவருடைய இரண்டு கிலோ முறுக்கு காவிரி டெல்டாப் பக்கம் போயிருக்கும். இப்போது மாவட்டத்தை நான் தொடுவதே இல்லை. அது பொருந்தாவிட்டால் வாடிக்கையாளருக்குப் போன் போடுகிறேன்.

இதெல்லாம் ஒரு நாள் தலைவலி. காசு போனது வேறிடத்தில்.

திரையில் எடை, நீளம், அகலம், உயரம் என்று நான்கு கட்டங்கள். எடையைத் தராசில் பார்த்து 1.2 கிலோ என்று சரியாகப் போட்டேன். மற்ற மூன்றிலும் ஏற்கெனவே 10, 10, 10 என்று இருந்தது. சும்மா ஒரு மாதிரிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அரைக் கிலோ படிகளில் கணக்கிட்டு 1.5 கிலோவுக்கான கட்டணம் எடுத்தார்கள். பரவாயில்லையே என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வாலட்டைப் பார்த்தால், ஒவ்வொரு பெட்டிக்கும் கூடுதல் பணம் கழிந்திருக்கிறது. காரணம்: எடை வேறுபாடு. கோபத்தில் அந்த மென்பொருள்காரர்களை அழைத்துக் கேட்டேன். போனை எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னார்: “மேடம், வால்யூமெட்ரிக் எடை.” வண்டியில் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் காசு உண்டு. சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுக்க வேண்டும். அதில் வருவதும் தராசு காட்டுவதும், எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம். என் பெட்டி 30 × 25 × 20. பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. முறுக்கும் பெட்டியும் சேர்ந்து ஒன்றேகால் கிலோகூட இல்லை. மீதி நான் காற்றுக்குக் கட்டிய கூலி. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் விற்கும் என் தோழிக்கு இந்தக் கவலையே கிடையாது. அவளுடையது சின்னப் பெட்டியிலேயே கனக்கும் சரக்கு.

சண்டை போடவும் வழியில்லை. அளவு எடுத்த படங்களை வைத்திருக்கிறார்கள். என் பெட்டிதான். சிலதில் மட்டும் 3.5 கிலோ என்று போட்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நொறுங்காமல் இருக்க நான் திணித்த செய்தித்தாள் மூடியைத் தூக்கி, உயரம் 22 ஆகியிருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் உப்பலுக்கு அரைக் கிலோ கட்டணம்! அப்படிப்பட்டவற்றில் மூன்றுக்குப் புகார் போட்டேன். ஒன்றில் பணம் திரும்பி வந்தது.

தீர்வு அத்தையிடமிருந்து வந்தது. “தாளத் திணிக்கிறதுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய பெட்டி? அடுக்கத் தெரிஞ்சா சின்னதுலயே கொள்ளும்” என்று முறுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்கு அடுக்கிக் காட்டினார். 25 × 20 × 12 பெட்டியில் ஒரு கிலோ அடங்கியது. வால்யூமெட்ரிக் எடை 1.2 கிலோ, 1.5 கிலோ கட்டணத்துக்குள் முடிந்துவிடும். ஆட இடமில்லாததால் உடைசலும் குறைந்தது. இப்போது தராசுக்குப் பக்கத்திலேயே இன்ச் டேப் தொங்குகிறது. மூடியை ஒட்டிய பிறகுதான் உயரத்தை அளக்கிறேன்.

பிரிண்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏ4 தாளில் அச்சடித்து வெட்டி ஒட்டினேன். பிறகு நாலுக்கு ஆறு அங்குல லேபிள் போடும் தெர்மல் பிரிண்டர் வாங்கினேன். முதல் லேபிளில் பாதி, அடுத்ததில் மீதி என்று வந்தது. லேபிள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அது முதலில் கண்டுகொள்ள வேண்டுமாம். பொத்தானை அழுத்திப் பிடித்ததும் இரண்டு மூன்று லேபிளைத் துப்பிவிட்டுச் சரியானது. தாள் அளவை 100 × 150 மில்லிமீட்டர் என்று மாற்றி, ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பார்கோடு சுருங்கி, ஸ்கேனர் திணறும்.

இதில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் தாள். ஒட்டிய பெட்டி ஒன்றை அடுப்படியில் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அரை மணியில் முகவரி இருந்த பக்கம் முழுக்கக் கரி பூசியதுபோல ஆகிவிட்டது. லேபிள் ஒட்டும் வேலை இப்போது முன்னறையில், கை கழுவிய பிறகுதான். பார்கோட்டின் மேல் பளபள டேப் ஒட்டாதீர்கள் என்று சொன்னது பிக்கப்புக்கு வரும் தம்பி. பெட்டியின் விளிம்பில் மடித்து ஒட்டினாலும் ஸ்கேன் ஆகாதாம்.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. தமிழில் வந்த முகவரிகளை அப்படியே ஏற்றினால் முதலில் வெறும் கேள்விக்குறிகள் வந்தன. தமிழ் எழுத்தைக் கெடுக்காத யூடிஎஃப்-8 வகை சிஎஸ்வியாகச் சேமித்ததும் திரையில் தமிழ் தெரிந்தது. லேபிளிலோ எழுத்துக்கு எழுத்து வெறும் கட்டங்கள். ஆகவே ஒவ்வொரு முகவரியையும் ஆங்கில எழுத்தில் மாற்றி அடிக்கிறேன். ‘கீழத்தெரு’வை எப்படி எழுதினாலும் யாரோ ஒருவர் தப்பாகத்தான் வாசிப்பார். தனியார் கூரியர் போகாத ஊர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்தான். அங்கே அத்தை கையால் தமிழில் எழுதினாலும் பெட்டி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கூரியர் பெட்டிகளையும் அத்தை விடுவதில்லை. நான் லேபிள் ஒட்டியதும், பக்கவாட்டில் பழைய ஸ்கெட்ச் பேனாவால் ‘முறுக்கு. உடையும். மெதுவா’ என்று எழுதிவிட்டுத்தான் வாசலுக்கு அனுப்புகிறார்.