பயணப்படியும் பத்திரிகை நறுக்கும்

தருமபுரியில் ஒரு துறையின் மாவட்ட அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். ஊதியப் பட்டியலில் பெரிய தொல்லை இருக்காது. என்னை அதிகம் அலைக்கழித்தவை இரண்டு சின்னச் செலவுகள்: பயணப்படி, செய்தித்தாள் சந்தா.

சிக்கனம் என்றால் கை முதலில் நீள்வதும் இவற்றின் மேல்தான். 2020 மே மாதம், கொரோனாவால் வருவாய் சரிந்தபோது, அலுவலகச் செலவை 20 விழுக்காடு குறைக்கத் தமிழக அரசு ஆணையிட்டது. அரசுப் பணத்தில் வெளிநாட்டுப் பயணமும் கூடாது என்றது. எங்கள் அலுவலகத்திலிருந்து வெளிநாட்டுக்கு யார் போகப்போகிறார்கள்! மாவட்டத்துக்குள்ளேயே அரூர் போய்வந்தவரின் பயணப் பட்டியல்தான் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போனது.

தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் தாண்டினால்தான் பயணப்படி. அதற்கு, போன இடத்தையும் பார்த்ததையும் எழுதிய நாட்குறிப்பு வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இதற்கெல்லாம் அலுத்துக்கொண்டு களப்பணியாளர்கள் பல பயணங்களை எழுதுவதே இல்லை. சென்னை ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்வந்த அதிகாரியின் பட்டியல் மட்டும், ரயில் டிக்கெட் குத்தி, பிழையில்லாமல் மறுவாரமே வந்துவிடும். எழுதிக் கொடுக்க அவருக்கு ஆள் இருக்கிறது.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு, வாகனம் போகப் பாதை இல்லாததால், தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களையே கழுதைகள்மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே ஏறி இறங்கியவர் எந்த டிக்கெட்டை இணைப்பார்? தணிக்கையில் அதையும் கேட்டார்கள். ‘பேருந்து வசதி இல்லை’ என்று சான்று எழுதி, கையொப்பம் வாங்கி வைத்தோம்.

செய்தித்தாள் கதை வேறு. காலையில் வரும் நாளிதழ்களில் மாவட்டப் பக்கத்தைப் பிரித்து, துறை பற்றிய செய்தியைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி அதிகாரியின் மேசையில் வைக்க வேண்டும். தலையங்கத்தை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. பழைய தாள்களை எடைக்குப் போட்ட சில்லறையையும் செலுத்துச் சீட்டு எழுதி அரசுக் கணக்கில் கட்டினோம்.

ஒருமுறை சித்தேரி மலைப்பகுதியில் ஒரு குடிநீர்த் தொட்டி விரிசல் விட்டிருப்பதைக் களப்பணியாளர் நாட்குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தார். அதில் ஒரு சுருக்கொப்பம் விழுந்தது. பிறகு கோப்புக்குள் போய்விட்டது. மாதங்கள் கழித்து அதே தொட்டி படத்தோடு நாளிதழில் வந்தது. நறுக்கின்மேல் பச்சை மையில் ‘உடன் அறிக்கை தேவை’ என்று எழுதி வந்த அன்று மதியமே ஜீப்புகள் மலை ஏறின. டீசல், தினப்படி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டவன் நான். முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவந்தவரின் பேருந்துக் கட்டணம் அப்போதும் நிலுவையில்தான் இருந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

இப்போது நாளிதழ் வருவதற்கு முன்பே நறுக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. சந்தாவைக் குறைத்துவிட்டார்கள்; எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் நாட்குறிப்பைப் படிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எங்கள் பயணச் செலவை ஒருவர் கேட்டிருந்தார். ஆண்டுவாரியாக மொத்தத் தொகையைக் கொடுத்தோம். அவர் கேட்டது அவ்வளவுதான். நாட்குறிப்புகளைக் கேட்டிருந்தால், பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு நகல் எடுத்துக் கொடுத்திருப்போம்.