"வாசிச்சுக் காட்டு, வைக்கிறேன்"

ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர் கிராம சபைக்குப் போயிருந்தேன். வழக்கமாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படிச் செய்தவன்தான். அது தப்பு.

இந்த முறை பக்கத்துத் தெரு அப்பத்தா பேனா மையைத் தொடவே இல்லை. "தம்பி, நான் கைநாட்டு. எதுல வைக்கிறேன்னு வாசிச்சுக் காட்டு, வைக்கிறேன்" என்றார். ஊராட்சி செயலரும் முகம் சுளிக்காமல் வரவு செலவை முதல் வரியிலிருந்து வாசித்தார். குடிநீர்த் தொட்டி கழுவிய செலவு வந்தது. "சித்திரையில கழுவுனது. அதுக்கப்புறம் யாரும் மேல ஏறலையேப்பா?" சத்தமே போடவில்லை, கேட்டார், அவ்வளவுதான். செயலர் பில்லைப் புரட்டிப் பார்த்து, தவறாக ஏறிவிட்டது என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அந்த வாரமே தொட்டியைக் கழுவினார்கள். தேதியைத் தொட்டித் தூணிலேயே நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள்.

கிராம சபையின் பலத்துக்கு அரிட்டாபட்டியைப் பாருங்க. நமக்கு என்ன தூரமா? மேலூர்ப் பக்கம்தானே. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அப்புறம் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்க ஏலத்தை ரத்து செய்தது.

கணக்குக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடாதா என்கிறார் ஒரு நண்பர். எனக்கு அந்தச் செயலர் மேல் நம்பிக்கை வந்ததே அன்றைக்குத்தான்.

அடுத்த சபை அக்டோபர் 2. அப்பத்தாவை என் வண்டியில் கூட்டிப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊர் சபைக்குப் போங்க.