செடி கொஞ்சம், அலமாரி ஏராளம்: ஹனிசக்கிள் பதிவுகளைத் தொகுத்த அனுபவம்

நீலகிரி, பழனி மலைகளில் தானாக வளரும் ஹனிசக்கிள் குடும்பச் செடிகளின் பழைய சேகரிப்புப் பதிவுகளை ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டும். சின்னக் குடும்பம், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் என் வழிகாட்டி. செடி கொஞ்சம்தான், அலமாரிதான் ஏராளம்.

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் ஆரம்பித்தேன். ஹெர்பேரியம் என்றால் உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, லேபிளோடு அலமாரிகளில் பாதுகாக்கும் இடம். (பேரில்தான் மெட்ராஸ்!) துறைத் தலைவரின் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் போங்கள். கையுறையும் கொண்டுபோங்கள், பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்துத் தாள்களில் பாதரசக் குளோரைடு தடவுவது வழக்கம்.

பழைய ஹெர்பேரியங்களில் தாள்களை அடுக்க, பெந்தம், ஹூக்கர் என்ற இருவரின் பழைய வகைப்பாட்டு வரிசைதான் பழக்கம். அதன்படி கேப்ரிஃபோலியேசி, அதாவது ஹனிசக்கிள் குடும்பம், என்ற கட்டைப் பிரித்தால் ஹனிசக்கிள் பேரினமான லோனிசெராவோடு வைபர்னம் என்ற பேரினமும் இருக்கும். மரபணு அடிப்படையிலான இன்றைய ஏபிஜி வகைப்பாட்டில் வைபர்னம் வெளியே போய்விட்டது. தனித்தனிக் குடும்பங்களில் இருந்த வலேரியானா, டிப்சாகஸ் பேரினங்கள் உள்ளே வந்துவிட்டன. அந்த இரண்டையும் எடுக்க, இடையில் காபிக் குடும்பமான ரூபியேசி முழுவதையும் தாண்டிப் போக வேண்டும். எந்த வகைப்பாட்டின்படி தொகுக்கிறோம் என்பதை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

எனக்குப் பிடித்தது லோனிசெரா லெஷனோல்ட்டி. 1816 முதல் 1822 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் செடி சேகரித்த பிரெஞ்சுக்காரர் லெஷனோவின் பெயர் அது. காட்டில் கொடியாகப் படர்ந்து, வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும். தாளிலோ எல்லாப் பூவும் ஒரே பழுப்பு. ஒரு காம்பில் இரண்டிரண்டாக நிற்கும் நீளக் குழல் பூக்களும், இலையின் அடியில் லென்ஸ் வைத்தால் தெரியும் அடர்ந்த ரோமமும்தான் கைகொடுத்தன. கொடியா, புதரா என்பதை லேபிளில் எழுதாமல் விட்டிருந்தால், சின்னக் கிளைத்துண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

லேபிள்கள் தனி உலகம். உயரம் அடியில் இருக்கும். 7,000 அடி என்றால் சுமார் 2,130 மீட்டர். ஊட்டியை ஊட்டகமண்ட் என்று எழுதியிருப்பார்கள். அதனால் அட்டவணையில் லேபிளில் உள்ளபடி ஒரு நெடுவரிசை, இன்றைய பெயருக்கு ஒரு நெடுவரிசை என்று வைத்துக்கொண்டேன். மூல எழுத்தைத் திருத்திப் பதிவது பாவம் என்பது என் கட்சி.

பொறுமையைச் சோதித்தவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் தாள்கள். அவருடைய சேகரிப்பின் உபரிப் பிரதிகளைக் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 1866–67-ல் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். அந்த அச்சு லேபிளில் இடம் என்று பார்த்தால் ‘இந்தியத் தீபகற்பம்’ என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி. அவ்வளவுதான்! எந்த மலை என்று கேட்டால் யாரிடம் போவது? இவற்றுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் போடவே கூடாது. பல நாட்டு உயிரினப் பதிவுகளை ஒன்றாகத் தரும் ஜிபிஐஎஃப் மாதிரியான இணையதளங்களில் தேடும்போது இன்னொரு சிக்கல்: ஒரே சேகரிப்பின் பிரதிகள் வெவ்வேறு ஹெர்பேரியங்களின் பெயரில் தனித்தனிப் பதிவுகளாக வரும். சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், தேதி மூன்றும் ஒத்துப்போனால் ஒன்றாகச் சேர்த்தேன்.

கடைசியில் வரைபடம் போட்டபோது புள்ளிகள் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் சாலைகளை ஒட்டியே குவிந்தன. சேகரிக்க வந்தவர்கள் பங்களா இருந்த பக்கம் போயிருக்கிறார்கள், அவ்வளவே. வெற்றிடங்களுக்கு ‘இல்லை’ என்று போடாமல் ‘பதிவில்லை’ என்று போட்டுத்தான் வழிகாட்டியிடம் கொடுத்தேன்.