பச்சை கிட்டும் ஒரு சொட்டு ரத்தமும்

ஓ.பி. சீட்டில் "உடம்பு அசதி" என்றுதான் இருக்கும். டாக்டர் கேட்டால் கை கால் குடைச்சல், தூக்கம் வரவில்லை என்பார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போவார்கள். அப்புறம் திரும்பி வந்து, ஊசி போடும் அறையில் நான் தனியாக இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "நர்சம்மா, உடம்பு ரொம்ப சூடா கீது" என்று மெதுவாகச் சொல்வார்கள். குடியாத்தம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதைக் கேட்டுத் தெர்மாமீட்டரை உதறியவள் நான்.

சூடு என்றால் வெள்ளைப்படுதல், அரிப்பு, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். சித்திரை வெயிலில் வேலூர் ஜில்லாக்காரர்களிடம் போய் அது சூடு இல்லை என்று வாதாட முடியுமா? நானும் வாதாடுவதில்லை. இட்லி மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். மாவு பொங்குவதில் ஈஸ்ட்டுக்கும் பங்கு உண்டு. அந்த வகையைச் சேர்ந்த கேண்டிடா என்ற ஒரு பூஞ்சைக் கிருமி, நோய் எதுவும் இல்லாதவர்கள் உடம்பிலும் கொஞ்சமாக இருக்கிறது. கூடவே இருக்கும் நல்ல பாக்டீரியா புளிப்பை உண்டாக்கி அதை அடக்கி வைத்திருக்கும். சளிக்கென்று கடையில் வாங்கிப் போட்ட ஆன்டிபயாட்டிக் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றாலோ, கர்ப்பம் தரித்தாலோ, சுகர் ஏறினாலோ கேண்டிடா பொங்கிவிடும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருவதுதான் இது. இதைச் சொன்னதும் "எனக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று பெருமூச்சு விடாதவர்கள் குறைவு.

எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. "டிஸ்சார்ஜ் எப்படி இருக்கு?" என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். "தயிர் திரிஞ்ச மாதிரியா, கஞ்சித்தண்ணி மாதிரியா?" என்றால் உடனே பதில் வரும். திரிந்த தயிர் போல கெட்டியாக, நாற்றமில்லாமல், தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்போடு இருந்தால் பெரும்பாலும் ஈஸ்ட். தண்ணியாகச் சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால் அது பாக்டீரியா விவகாரம். மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ், உடலுறவில் தொற்றும் ஓர் ஒட்டுண்ணி. வீட்டுக்காரருக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வருவது நோயே கிடையாது. எலும்பு உருகித்தான் அப்படிப் போகிறது என்று பயந்து வந்தவர்களைத் தேற்றி அனுப்புவதற்கே பாதி நாள் போய்விடும்.

பீடி சுற்றும் ஓர் அம்மாவிடம் மட்டும் நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. ஓ.பி. நிரம்பி வழிந்த நாள். டாக்டர் பச்சை கிட் எழுதியிருந்தார். வெள்ளைப்படுதலுக்கென்றே அரசு தரும் பொட்டலம் அது. உள்ளே பாக்டீரியாவுக்கும் டிரைக்கோமோனாஸுக்கும் செக்னிடசோல் 2 கிராம், ஈஸ்ட்டுக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். கொடுத்தேன், போனார். இரண்டு மாதத்தில் மறுபடி வந்தார், மறுபடி பச்சை கிட். மூன்றாவது தடவை லேப் டெக்னீஷியன் அண்ணன், ஸ்லைடில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்த்து, மூங்கில் கணு போல நீண்டிருந்த பூஞ்சை இழைகளை எனக்குக் காட்டினார். "ஈஸ்ட்டுதான். சரி, சுகர் பாத்தியா?" என்றார். குளூகோமீட்டர் என் மேசைமேல்தான் கிடந்தது. ஒரு சொட்டு ரத்தம். 312.

ஐந்து மாதமாக அந்த அம்மாவின் உடம்பு சொல்லிக்கொண்டிருந்ததை நான் மாத்திரை கொடுத்து வாயடைத்திருக்கிறேன். சர்க்கரை கூடினால் ஈஸ்ட்டுக்குத் தீனி, எதிர்ப்பு சக்திக்குச் சரிவு. மெட்ஃபார்மின் ஆரம்பித்துச் சுகர் இறங்கிய பிறகு அரிப்பு திரும்ப வரவில்லை. "சூடு எறங்கிப்போச்சு நர்சம்மா" என்று முருங்கைக்கீரை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

ஆண்களிடமும் இது உண்டு. கைலி நெய்யும் ஒருவர், முன்தோல் வெடித்து எரிகிறது என்று டாக்டரிடம் வந்தார். அவருக்கும் சுகர் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குள் கடையில் கேட்டு வாங்கிய படர்தாமரை கிரீமைத் தடவிப் புண்ணைப் பெரிதாக்கியிருந்தார். ஸ்டீராய்டு கலந்த அந்த கிரீம்கள் இரண்டு நாள் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும், விடுங்கள்.

மருந்து எளிது, அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம். ஈஸ்ட்டுக்கான குளோட்ரிமசோல் மாத்திரையை, 500 மில்லிகிராம் என்றால் ஒரே இரவு, 100 மில்லிகிராம் என்றால் ஆறு இரவுகள், படுக்கப்போகும்போது பிறப்புறுப்புக்குள்ளே வைக்க வேண்டும். "ராத்திரி ஒண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பியதில் ஒருத்தி ஆறையும் விழுங்கிவிட்டாள். நல்லவேளை, வயிற்றைப் புரட்டியதோடு போனது. இப்போது கையால் காட்டித்தான் சொல்கிறேன். ஆன்டிசெப்டிக் ஊற்றி உள்ளே கழுவாதீர்கள் என்றும் சொல்கிறேன். வருஷத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் எடுத்து, ஆறு மாதம்வரைகூட வாரம் ஒரு ஃப்ளூகோனசோல் மாத்திரை தர வேண்டியிருக்கும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேனில் போய் வரும் பெண்களிடம் துணி காய்வது பற்றியும் கேட்பேன். நாள் முழுக்க வியர்வையில் ஊறிய உள்ளாடையைத் துவைத்து, ஆம்பளைங்க கண்ணில் படக்கூடாதென்று கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடுகிறார்கள். ஈரம் போவதற்குள் எடுத்து உடுத்துகிறார்கள். இத்தனை வெயில் அடிக்கிற ஊரில்!

போன மாதம் அந்த பீடி அம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சீட்டில் பச்சை கிட் எழுதியிருந்தது. "இவளுக்கும் சூடு. தயிர் மாதிரிதான், நான் கேட்டுட்டேன். சுகர் பாத்துடும்மா" என்றார். பார்த்தேன், 96. கிட்டை எடுக்கும்போதுதான் கேட்டேன், "கடைசியா எப்ப தலைக்கு ஊத்திக்கின?" அந்தப் பெண் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தைந்து நாள். ஃப்ளூகோனசோலைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. பச்சை கிட்டை டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டு, முதலில் யூரின் டெஸ்டுக்கு அவளை அனுப்பினேன். சீட்டை மாற்றி எழுதி வாங்க நான் டாக்டர் அறைக்குப் போனேன்.