கறுத்துப்போன செம்புக் காயில்

மழைக்காலத்தில் வெள்ளி விளக்கை அடிக்கடி துலக்க வேண்டியிருக்கும்போதெல்லாம் ஈரக்காற்றின் மீது பழியைப் போடுவது என் வழக்கம். வெள்ளியைக் கறுக்கச் செய்வது காற்றிலுள்ள கந்தக வாயு, ஈரம் அதற்கு இடம் கொடுக்கும் துணை மட்டுமே என்பது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில வீடுகளின் கதையைப் படித்தபோதுதான் எனக்குத் தெளிவாக விளங்கியது.

2005-ஆம் ஆண்டின் கத்ரீனா புயலுக்கு முன்னும் பின்னும், கட்டுமானப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில், சுவர் எழுப்பப் பயன்படும் ஜிப்சம் பலகைகள் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏராளமாக இறக்குமதியாயின. அவற்றுள் ஒரு பகுதி ஹைட்ரஜன் சல்பைடு உள்ளிட்ட கந்தக வாயுக்களை வெளியிட்டது. வீடுகளில் அழுகிய முட்டை நாற்றம் வீசியது; மின்கம்பிகள் கறுத்தன; ஏசியின் கூலிங் காயில்கள் மீண்டும் மீண்டும் பழுதாயின. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 51 வீடுகளை ஆராய்ந்து, ஹைட்ரஜன் சல்பைடுக்கும் உலோக அரிப்புக்கும் வலுவான தொடர்பு இருப்பதாக 2009 நவம்பரில் அறிவித்தது.

புகார்களில் பெரும்பகுதி வெப்பமும் புழுக்கமும் மிகுந்த தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்ததில் வியப்பில்லை. வெப்பம் கூடக்கூடப் பலகைக்குள்ளிருந்து வாயு விரைவாக வெளியேறுகிறது. ஈரத்தின் வேலை இரண்டு வகைப்பட்டது: பலகை வெளியிடும் இன்னொரு கந்தக வாயுவான கார்பனைல் சல்பைடு நீருடன் வினைபுரிந்து மேலும் ஹைட்ரஜன் சல்பைடைத் தருகிறது, உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிந்து, வாயு அதில் கரைந்து உலோகத்தைத் தாக்க வழி செய்கிறது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்தக் காயில்தான். வெப்பம் வினையை விரைவுபடுத்தும் என்று பள்ளியில் படித்த நமக்கு, வீட்டின் மிகக் குளிர்ந்த பொருள்களில் ஒன்று அதிகமாகப் பாதிக்கப்பட்டது முரணாகத் தோன்றலாம். ஆனால் வாயுக்கள் குளிர்ந்த நீரில்தான் கூடுதலாகக் கரையும். காயிலிலோ நீர் எப்போதும் துளிர்த்துச் சொட்டிக்கொண்டிருக்கிறது, வீட்டின் காற்று முழுவதும் திரும்பத் திரும்ப அதன் வழியாகவே செல்கிறது. ஆகவே வெப்பம் வாயுவை வெளியேற்ற, குளிர் அதைப் பிடித்துவைக்க, செம்பு சல்பைடு கரும்படலமாகப் படிந்தது. ஏசி நின்றுபோனால் வீடு மேலும் சூடாகும், பலகை மேலும் வாயுவைக் கக்கும்!

பலகைகளில் இருக்கக்கூடிய, வேறு தனிமத்தோடு சேராத தனிமக் கந்தகத்துக்கு வரம்பு விதிக்க வழிசெய்த சட்டம் 2013 ஜனவரியில் கையெழுத்தானது.

வெள்ளிப் பாத்திரங்களோடு சாக்பீஸ் துண்டுகளைப் போட்டு வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அது ஈரத்தை உறிஞ்சி, அந்த நீர்ப்படலம் படிவதைக் குறைக்கிறது. நம் ஊர் சாக்பீஸும் பெரும்பாலும் ஜிப்சத்திலிருந்தே செய்யப்படுகிறது.